வடிவம்மாள் நினைவுப் பெட்டி

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் சரியில்லை. இதில் உட்காருங்கள். உங்கள் அப்பா பேரில் ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும், அதற்கு யோசனை கேட்க வருகிறேன் என்று போனிலேயே சொன்னீர்கள். நல்ல எண்ணம். வழி யாரிடம் கேட்டீர்கள்? டீக்கடையிலா? "வடிவு வீடா? நேரே போய் இடது பக்கம்" என்றிருப்பார்கள். முப்பத்தாறு வருடம் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து மேலாளராக ஓய்வு பெற்றவன் நான். பெயர் திரவியம். திரவியம் வீடு எது என்று கேட்டிருந்தால் இந்நேரம் பக்கத்து ஊரில் நின்றுகொண்டிருப்பீர்கள்.

வடிவு என் அம்மா. வடிவம்மாள். போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. ஆனால் இன்றைக்கு இந்த ஊரில் வடிவு என்றால் அம்மா இல்லை, ஐஸ் பெட்டி. செத்தவர்களைக் கிடத்தி வைக்கிற குளிர்பெட்டி. அம்மா பேரை நிலைக்க வைக்கிறேன் என்று கிளம்பி, அந்தப் பேரைப் பெட்டிக்குக் கொடுத்துவிட்டேன். அப்புறம் அதைப் பெட்டியிடமிருந்து பிடுங்கி என் பேத்திக்குக் கொடுக்கலாம் என்று பார்த்தேன். அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு, உங்கள் அப்பாவுக்கு என்ன செய்வது என்று நீங்களே முடிவு பண்ணுங்கள்.

அம்மா இறந்தது மே மாதம் முப்பத்தொன்றாம் தேதி. நான் பணி ஓய்வு பெறுகிற தேதியும் அதுதான். ஓசூரில் இருந்தேன். விடியற்காலையில் அக்கா போன் செய்தாள். எனக்கு ஒரே அக்கா, செண்பகம். அம்மாவை வைத்துப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். நான் உடனே கிளம்பியிருந்தால் பிற்பகலில் வந்து சேர்ந்திருக்கலாம், அன்று பொழுது சாய்வதற்குள் காரியம் முடிந்திருக்கும். ஆனால் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் பாருங்கள். சாவி, பதிவேடு, கையெழுத்து. கடைசி நாளில் கையெழுத்துப் போடாமல் வந்தால் பென்ஷன் காகிதம் எங்கேயாவது போய் மாட்டிக்கொள்ளும். ஆபீஸ் விஷயம் உங்களுக்குத் தெரியாததா? அப்புறம் சின்னதாக ஒரு நிகழ்ச்சி. அரை மணி நேரம். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஷாமியானா போட்டாயிற்று, சாப்பாடு சொல்லியாயிற்று என்றார்கள். நாலு பேரைச் சங்கடப்படுத்தக் கூடாது இல்லையா? மூன்று மணிக்கு பஸ் ஏறினேன்.

ஆகவே அம்மா ஒரு பகலும் ஒரு ராத்திரியும் எனக்காகக் காத்திருக்க வேண்டியதாகிவிட்டது. அக்னி நட்சத்திரம் முடிந்தும் வெயில் இறங்காத நாள். அப்போது ஐஸ் பெட்டி வேண்டுமென்றால் தென்காசியிலிருந்துதான் வர வேண்டும். அன்றைக்குப் பார்த்து அது வேறொரு வீட்டில் இருந்தது. அக்கா என்ன செய்வாள்? மீன் மார்க்கெட்டில் பாளம் பாளமாக ஐஸ் வாங்கி, உமியும் மரத்தூளும் போட்டு, அம்மாவைச் சுற்றி அடுக்கிவிட்டாள். அம்மாவைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. முட்டை வைத்த ஃப்ரிட்ஜிலிருந்து தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தால் வாங்க மாட்டாள். அப்படிப்பட்டவள் படுத்திருந்த கூடம் முழுக்க சாளை மீன் வாடை.

நான் உள்ளே வந்ததும் அக்கா அழவில்லை. "எழுவத்தெட்டு வருசம் சைவமா இருந்தவ. போகும்போது மீன்கடை ஐசுல கெடக்கா. எல்லாம் நீ வரணுமேன்னுதான்ல" என்றாள். துண்டு எடுக்க என் பையைத் திறந்தாள். துண்டோடு சேர்ந்து இரண்டு பொன்னாடை வந்தது. அவற்றை எடுத்துப் பார்த்துவிட்டு, ஓரமாகப் போட்டாள். அவ்வளவுதான். அக்கா எப்போதும் அப்படித்தான், சின்ன விஷயத்தைக் கூட மனதில் வைத்துக்கொள்வாள்.

அன்றைக்கு முடிவு செய்தேன். இந்த ஊரில் இனி ஒருவரும் மீன் ஐஸில் கிடக்கக் கூடாது. அம்மா பேரில் ஒரு குளிர்பெட்டி வாங்கி ஊருக்கு இலவசமாக விட வேண்டும். அக்காவிடம் சொன்னேன். "வாங்கு. பேரு எதுக்கு?" என்றாள். பேர் இல்லாமல் எப்படி நினைவுப் பெட்டி ஆகும், நீங்களே சொல்லுங்கள்.

பெட்டி கோயம்புத்தூரிலிருந்து வந்தது. எழுதுவதற்கு மரியசெல்வத்தைக் கூப்பிட்டேன். எங்கள் ஊரில் கடை போர்டெல்லாம் அவன் கைதான். "ஸ்டிக்கர் ஒட்டிடலாமா அண்ணாச்சி? வேண்டாம்னா கிழிச்சுக்கிடலாம்" என்றான். எனக்குக் கோபம் வந்தது. "ஏன்யா, எங்க அம்மா பேரைக் கிழிக்கவா நான் பெட்டி வாங்கினேன்? எனாமல்ல எழுது. நூறு வருஷம் நிக்கணும்" என்றேன். எழுதினான். நாலு பக்கமும் எழுதினான். "வடிவம்மாள் நினைவு குளிர்சாதனப் பெட்டி." அதன் கீழே "அன்பு மகன் திரவியம், பி.காம்., மேலாளர் (ஓய்வு)." கீழே என் செல் நம்பர். தலைமாட்டில் அம்மா படம். அம்மாவுக்குத் தனியாக எடுத்த படம் வாக்காளர் அட்டையில் இருந்தது ஒன்றுதான். அதைப் பார்த்து வரைந்தான். யாரோ அம்மாவிடம் வீட்டைக் காலி பண்ணச் சொன்ன மாதிரி ஒரு முறைப்பு. தத்ரூபம்.

முதல் வருட நினைவு நாளில் திறப்பு விழா. ஐஸ் பெட்டிக்குத் திறப்பு விழா நடத்தியிருக்கிறீர்களா? நடத்தாதீர்கள். பத்திரிகை அடித்துப் போய்க் கொடுத்தால் வாசலிலேயே நிற்க வைத்து வாங்கிக்கொண்டார்கள். ரிப்பன் வெட்ட வந்த பெரிய மனிதர் பெட்டிக்குப் பத்தடி தள்ளி நின்றுகொண்டு, "இதைப் பொதுமக்கள் அனைவரும் நல்ல முறையில் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்" என்று பேசினார். ஒருவரும் கை தட்டவில்லை. குளிர்ச்சி எப்படி இருக்கிறது என்று காட்டுவதற்காகக் கம்பெனி ஆள் காலையிலேயே உள்ளே இரண்டு டஜன் தண்ணீர் பாட்டில் வைத்திருந்தான். கூட்டம் முடிந்ததும் எடுத்து நீட்டினான். மே மாதக் கடைசி வெயில், நாக்கு வறண்டு நிற்கிறது ஜனம். ஒருத்தர் தொடவில்லை. அந்த இரண்டு டஜனையும் ஒரு வாரம் நானே குடித்துத் தீர்த்தேன்.

ஆனால் பெட்டி ஓட ஆரம்பித்துவிட்டது. முதல் மாதமே நாலு வீடு. போன் வந்தால் நானே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போவேன், நானே பிளக்கில் மாட்டுவேன். ஒரு நாள் டீக்கடையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். "நேத்து வடிவு மட்டும் வரலேன்னா கஷ்டமாப் போயிருக்கும்டே." எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடி வந்து அக்காவிடம் சொன்னேன்: "அக்கா, அம்மாவை இன்னும் ஊர் மறக்கலே." அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "அவங்க பெட்டியைச் சொல்லுதாங்க, கோட்டிப் பயலே."

அதற்கப்புறம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஊர் முழுக்க அதே பேச்சு. "வடிவு எந்தத் தெருவுல கெடக்கா?" "வடிவு ஃப்ரீயா இருக்காளா?" மாமனார் இரண்டு தடவை இருமினால், மருமகள் அடுப்படியிலிருந்து, "இப்படியே இருமுங்க, வடிவு வந்து கூட்டிட்டுப் போவா" என்கிறாள். இரண்டு பேர் சண்டை போட்டால், "ஒனக்கு வடிவு வர!" என்று திட்டுகிறார்கள். பெட்டியில் என் பெயர் அம்மா பெயரை விட அரை அங்குலம் பெரிசு. யாராவது ஒருவர், ஒரு பேச்சுக்காவது, "திரவியம் வந்துட்டானா" என்று கேட்டார்களா? இல்லை.

ராமையா என்று ஒரு பெரியவர் இறந்தபோது வெளியூரிலிருந்து ஒரு வேன் நிறையச் சொந்தக்காரப் பெண்கள் வந்து இறங்கினார்கள். பெட்டியைச் சுற்றி மாலை. கண்ணாடியில் பனி பிடித்திருந்தது. கண்ணுக்குத் தெரிந்தது அம்மா படமும் பேரும்தான். "ஏ வடிவு, எங்கள விட்டுட்டுப் போயிட்டியே" என்று ஒருத்தி ஆரம்பித்துவிட்டாள். மற்றவர்கள் கூடவே மாரில் அடித்துக்கொண்டார்கள். வீட்டு ஆட்கள் ஓடி வந்து, "செத்தது மாமா" என்று சொல்லி நிறுத்துவதற்குள் ஒரு பாட்டம் முடிந்துவிட்டது. நான் மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு அவ்வளவு நல்ல ஒப்பாரி எங்கள் வீட்டில் கூட யாரும் வைக்கவில்லை.

இதையெல்லாம் சிரித்துத் தள்ளிவிட்டேன். சிரிக்க முடியாமல் போனது போன மாதம்தான்.

எனக்கு ஒரே மகள், சுபத்ரா. சென்னையில் இருக்கிறாள். கட்டிக் கொடுத்தது இதே ஊரில், மேலத் தெருவில். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோதே அம்மாவிடம், "எனக்குப் பொண்ணு பொறந்தா ஒன் பேருதான் ஆச்சி" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அம்மா நம்பினாள். அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். அவள் வாழ்க்கையில் வாய் விட்டு ஆசைப்பட்டது அந்த ஒன்றுதான் என்று அக்கா சொல்வாள். போன மாதம் சுபத்ராவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பேர் வைக்கிற விசேஷத்தை ஊரில் வைத்துக்கொள்வோம், வெள்ளிக்கிழமை என்று முடிவாயிற்று.

திங்கட்கிழமை என் சம்பந்தியம்மா வந்தாள். காபி கூடக் குடிக்கவில்லை. "அண்ணாச்சி, தப்பா நெனைக்கக் கூடாது. எம் பேத்திய நாளைக்குத் தெருவுல நின்னு, 'ஏ வடிவு, வீட்டுக்கு வா'ன்னு கூப்பிட்டேன்னு வைங்க. நாலு வீட்டுக் கெழடு கெட்டைக்கு நெஞ்சு அடைச்சிராதா?" என்றாள்.

அன்று சாயங்காலம் சுபத்ராவே போன் செய்தாள்.

"அப்பா, நான் ஆச்சிக்குச் சொன்ன வார்த்தைய மீற மாட்டேன். ஆனா ஒரு கண்டிஷன். பெட்டியில இருக்கிற பேரையும் போட்டோவையும் வெள்ளிக்கிழமைக்குள்ள எடுத்துருங்க. நான் மாமியாரைச் சமாதானம் பண்ணிக்கிறேன்."

"எடுத்துட்டா ஊர் மறந்துருமாம்மா?"

"கொஞ்ச நாள்ல மறந்துரும்ப்பா. எழுதி வச்சிருக்கிற வரைக்கும் எப்படி மறக்கும்?"

பாருங்கள், எவ்வளவு நியாயமான பேச்சு! நேரே மரியசெல்வத்திடம் போனேன். "நூறு வருசம்னீயளே அண்ணாச்சி, ஒரு வருசந்தான ஆச்சு" என்று சிரித்தான். அப்புறம், "அழிச்சுத் தந்துருவேன், பெட்டி எங்க?" என்றான். பெட்டி சந்தைத் தெருவில் இருந்தது. பேச்சிமுத்து என்று லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர் வீட்டில். மகன் மஸ்கட்டிலிருந்து வர வேண்டும். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல்தான் எடுப்பார்கள் என்றார்கள். விசேஷம் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. "எழவு வீட்டுல போய் நான் பிரஷ் புடிக்க மாட்டேன், பிள்ளகுட்டிக்காரன்" என்று மரியசெல்வம் கையைக் கழுவிவிட்டான். வேண்டுமென்றால் தின்னர் தருகிறேன், துணியில் நனைத்துத் தேய்த்தால் போகும் என்றான்.

நீங்கள் சிரிக்க வேண்டாம். வியாழக்கிழமை காலை, மஞ்சள் பையில் ஒரு பாட்டில் தின்னரும் இரண்டு பழைய பனியனும் எடுத்துக்கொண்டு, ஒரு மாலையும் வாங்கிக்கொண்டு, பேச்சிமுத்து வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனேன். மாலையைப் போட்டேன். கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அப்புறம், மோட்டார் ஓடுகிற சத்தத்தில் ஏதோ குறை இருப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, பெட்டியின் ஓரமாக உட்கார்ந்தேன். பெட்டி என்னுடையது, என்னை யார் கேட்கப் போகிறார்கள்? பனியனை நனைத்துக் கீழ் வரியிலிருந்து ஆரம்பித்தேன். மேலே அம்மா படத்தில் கை வைக்கச் சட்டென்று மனம் வரவில்லை. அதனால் முதலில் செல் நம்பர். அப்புறம் "மேலாளர் (ஓய்வு)." நன்றாகத்தான் அழிந்தது. பி.காம். போயிற்று. உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து, நாலு பக்கமும் என் பேர் போயிற்று. அடுத்து அம்மா.

"அண்ணாச்சி, என்ன வாடை?"

பேச்சிமுத்துவின் சம்சாரம். மாடத்தி என்று பேர். பெட்டியின் தலைமாட்டில், அம்மா படத்துக்கு நேர் எதிரே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தேய்க்கிற மும்முரத்தில் அவள் அங்கே இருப்பதையே நான் கவனிக்கவில்லை.

"ஒண்ணுமில்லம்மா. தொடைச்சு வைக்கேன். தூசியா இருக்கு."

அவள் என் கையில் இருந்த துணியைப் பார்த்தாள். "அம்மா படத்த மட்டும் தொடைச்சிராதிய" என்றாள்.

"ஏம்மா?"

"எனக்கு எங்க வீட்டுக்காரவுக மூஞ்சியப் பாக்கத் தெம்பு இல்ல. எல்லாரும் பாரு, பாருன்னு இழுக்காவ. நான் மூணு நாளா ஒங்க அம்மா மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். ஒம் மவன் வர்ற வரைக்கும் நான் பாத்துக்கிடுதேன், நீ சும்மா இருட்டின்னு அதட்டுத மாதிரியே இருக்கு."

நான் நிமிர்ந்து அம்மா படத்தைப் பார்த்தேன். அதே முறைப்புதான். ஆனால் அவள் சொன்ன பிறகு, ஆமாம், அதட்டுவது போலத்தான் இருந்தது.

அப்போதுதான் வாசலில் கூச்சல் கேட்டது. மகன் வந்துவிட்டான். மறுநாள்தான் வர முடியும் என்று சொல்லியிருந்தார்கள். எந்த ஊர் வழியாகவோ, எந்த விமானத்திலோ இடம் பிடித்து ஒரு நாள் முன்னதாக வந்து நிற்கிறான். கம்பெனி யூனிஃபார்மைக் கூட மாற்றவில்லை. முட்டியில் கிரீஸ் கறை. அடையாள அட்டை கழுத்திலேயே தொங்கியது. சேதி கேட்ட இடத்திலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறான். கண்ணாடி மேல் விழுந்து, "எப்பா" என்று ஒரே சத்தம்.

எனக்கு ஏனோ அந்தச் சட்டையைப் பார்க்கப் பிடிக்கவில்லை. வேலைக்கென்று போனால் ஒரு ஒழுங்கு முறை வேண்டாமா? யாரிடமாவது பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வந்தானோ என்னவோ. இதெல்லாம் அந்த நேரத்தில் எனக்கு எதற்கு என்று கேட்பீர்கள். எனக்கும் தெரியவில்லை. தின்னர் பாட்டிலை மூடிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் கண் எரிந்துகொண்டே இருந்தது. தின்னர் அப்படித்தான், நெடி கண்ணுக்கு ஆகாது.

வெள்ளிக்கிழமை காலையில் சுபத்ரா காரிலிருந்து குழந்தையோடு இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"எடுத்தாச்சாப்பா?"

"எடுத்துட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"என் பேரை எடுத்துட்டேம்மா."

அவள் என்னைப் பார்த்தாள். மாடத்தி சொன்னதைச் சொன்னேன். மகன் வந்ததைச் சொல்லவில்லை. சுபத்ரா குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "நீங்க ஒரு வேலைய ஒழுங்காச் செய்ய மாட்டீங்களாப்பா" என்றாள். ஆனால் கோபமாகச் சொன்ன மாதிரி இல்லை. உள்ளே போய் மாமியாரிடம் ஏதோ பேசினாள். திரும்பி வந்து, "ஆத்விகான்னு வச்சுக்கலாம்" என்றாள். சம்பந்தியம்மா அதற்கப்புறம்தான் காபி குடித்தாள்.

ஒரு பேரை இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ள முடியாது என்று எனக்குப் புரிந்துவிட்டது. மாடத்தி மாதிரி இன்னும் எத்தனை பேர் அந்தப் படத்துக்கு எதிரே உட்கார வேண்டியிருக்கும்? இருக்கட்டும், அம்மா அங்கேயே இருக்கட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

விசேஷம் நடந்தது. பிறப்புச் சான்றிதழுக்கு மாப்பிள்ளை காகிதத்தில் ஆத்விகா என்று எழுதிக்கொண்டார். குழந்தையின் காதில் மூன்று தடவை பேரைச் சொல்ல வேண்டும். எங்களில் அதை அத்தைதான் சொல்வாள். மாப்பிள்ளையின் தங்கை சிங்கப்பூரில் இருக்கிறாள், லீவு கிடைக்கவில்லை. வயதில் பெரியவள் என்று என் அக்காவை உட்காரச் சொன்னார்கள். செண்பகம் குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டாள். முந்தானையால் குழந்தையின் தலையையும் தன் வாயையும் மூடிக்கொண்டாள். மூன்று தடவை குனிந்து நிமிர்ந்தாள். ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. சம்பந்தியம்மா காதைக் கொஞ்சம் நீட்டித்தான் பார்த்தாள்.

எனக்கு அதில் ஒரு சந்தேகம். ஆத்விகா என்று சொல்வதற்கு ஒரு வாய் அசைவு இருக்கிறது இல்லையா? முந்தானைக்குள் அசைந்தது அப்படித் தெரியவில்லை. எல்லாரும் பந்திக்குப் போன பிறகு, குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்த அக்காவிடம் போய் மெல்லக் கேட்டேன்.

"அக்கா, பிள்ளை காதுல என்ன பேரு சொன்னே?"

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒனக்கு எதுக்குல? அதையும் நாலு பக்கம் எழுதிப் போடவா?"